குண்டு விழாத பெட்டி

குயிலாடி மலைக்கு நீங்கள் போயிருக்க வாய்ப்பில்லை. போயிருந்தால் உங்கள் கைக்கடிகாரத்தையோ குடையையோ அந்த ஊர் மனமகிழ் மன்றத்தார் வாங்கி ரிப்பேர் பார்த்துக் கொடுத்திருப்பார்கள். அதற்கப்புறம் உங்களுக்குக் கதை படிக்கிற மனநிலை இருந்திருக்காது.

ஊர் சின்னது. மலைப்பாதையின் மேல் வளைவில் மன்றம், கீழ் வளைவில் காப்பித் தோட்டத்து முதலாளியின் பங்களா, நடுவில் ஒரே சரிவாக ரோடு. மன்றத்துக்குள் ஒரு கேரம் பலகை, ஒரு நொண்டிப் பெஞ்சு, மூலையில் ஒரு பின்பால் மெஷின். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை கப்பல் ஏறும்போது விட்டுவிட்டுப் போனது. சாய்வான மேஜை மாதிரி இருக்கும். ஸ்பிரிங் கைப்பிடியை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு ஒன்று மேலே பாய்ந்து, காளான் போல நிற்கும் குமிழ்களில் மோதி, மணியடித்துக்கொண்டே இறங்கி வரும். கீழே ஒரு ஓட்டை. குண்டு அதில் விழுந்துவிடாமல் இரண்டு பக்கத்துத் துடுப்புகளாலும் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். ஊரார் அதைக் குண்டுப் பெட்டி என்பார்கள்.

கட்டிடமும் பெட்டியும் தோட்டத்து முதலாளி தாண்டவராயருடையவை. தாராள மனசுக்காரர். கண்ணை மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மன்றத்தாரைக் கூப்பிட்டு, "இந்த ஆட்டம் நடக்கிற வரைக்கும், ஆட்டம் நடக்கிற இடம் உங்களுக்குத்தான். யாரும் காலி பண்ணச் சொல்லக் கூடாது" என்று சொன்னார். மகள் தில்லைநாயகியிடம் கையடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டார். அன்றைக்குப் பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மன்றத்தார் அதில் கைவைக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

மன்றத்தின் செயலாளர் அரங்கநாயகம், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர் பேச்சு எடுபடாது. குழம்பில் உப்பு இல்லை என்று அவர் சொன்னால், அவர் மனைவி எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் உப்பைப் போடுவாள். மன்றத்துக்குள் நுழைந்துவிட்டாலோ அவர் 'செயலாளரே'. அந்தக் கட்டிடத்துச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார், குளிக்கும்போதும் கழற்ற மாட்டார். சாவி போய்விட்டால் தான் வெறும் அரங்கநாயகம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மற்ற உறுப்பினர்கள் மூன்று பேர். பிச்சாண்டி பேக்கரி வைத்திருந்தார். சவரிமுத்து டெய்லர். தெய்வசிகாமணி, ஒருவரும் மிதித்து ஏற முடியாத அந்த ஊரில் சைக்கிள் கடை போட்டிருந்தவர்.

ஒரு திங்கட்கிழமை தாண்டவராயரின் மருமகன் நடராஜமூர்த்தி மனைவியோடு மேலே வந்தார். அந்த இடத்தில் லாட்ஜ் கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நேராக மூலைக்குப் போய் ஸ்பிரிங் கைப்பிடியை இழுத்தார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

"ஆட்டம் நடக்கிற லட்சணத்தைப் பாத்தியா? இதுக்கு மேல என்ன வாக்கு வேண்டிக்கிடக்கு? சாவியைக் குடுங்கய்யா" என்றார்.

தில்லைநாயகி வாக்கு விஷயத்தில் அப்பாவைவிடக் கெட்டி. "ஞாயித்துக்கிழமை வருவோம்ங்க. ஆட்டம் நடந்தா அப்பா சொன்னபடி. நடக்கலைன்னா நீங்க சொன்னபடி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள்.

உடனே அவசரக் கூட்டம் கூடியது. பெட்டியைத் திறந்து பார்ப்பது என்று ஏகமனதாக முடிவாகி, திறந்தும் பார்த்தார்கள். ஒரு கம்பி இருக்க வேண்டிய இடத்தில் காப்பி ஸ்பூன் இருந்தது. துடுப்புக்கு முட்டுக்கொடுத்து ஒரு சீப்பு. ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாள் சுருட்டிச் செருகியிருந்தது. மணி விழாமல் ஒரு பல் தேய்க்கிற பிரஷ் தாங்கிப் பிடித்திருந்தது.

"எந்த மடையன் பாத்த வேலைங்க இது?" என்றார் பிச்சாண்டி.

"அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..." என்று தெய்வசிகாமணி பல்லைக் கடித்தார்.

சவரிமுத்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். "அட, இது என் இன்ச் டேப்பு! போன வருஷத்துல இருந்து தேடிக்கிட்டிருக்கேன்."

பிறகு ஒவ்வொன்றாக அடையாளம் தெரிந்தது. ஸ்பூன் பிச்சாண்டி கடையுடையது, சீப்பு தெய்வசிகாமணியுடையது. பிரஷ்ஷைப் பார்த்த செயலாளருக்கு வாயெல்லாம் கசந்தது. அது அவருடையது. அவரவர் சாமானை அவரவரே செருகியதுதான். ஆனால் செய்த நல்ல காரியங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்த நால்வருக்கும் கிடையாது.

அரங்கநாயகம் நீண்ட நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பெட்டி திருடியிருக்கு."

"நாம அசந்த நேரம் பாத்து எடுத்து உள்ள வெச்சுக்கிச்சா?" என்றார் பிச்சாண்டி.

"வேற எப்படி? பூட்டின பெட்டிக்குள்ள நம்ம சாமான் எப்படிப் போகும்? திருட்டுப் பொருளை வயித்துல வெச்சுக்கிட்டு ஒரு மெஷின் எப்படிங்க நல்லா ஓடும்?"

எல்லாவற்றையும் பிடுங்கி உரியவரிடம் ஒப்படைத்தார்கள். சீப்பை எடுத்ததும் துடுப்பு தொங்கியது. பிரஷ்ஷை எடுத்ததும் மணி கழன்று விழுந்தது. "பாருங்க, மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் தலையைத் தொங்கப் போட்டுடுச்சு" என்று செயலாளர் திருப்தியோடு சொன்னார்.

திருட்டு ஒழிந்தும் பெட்டி ஓடாததால், சேலத்தில் பொருட்காட்சி மெஷின்களைப் பழுது பார்க்கும் கபூர் பாய்க்கு பேக்கரியிலிருந்து போன் போட்டார்கள். பாய்க்குக் காலில் மாவுக்கட்டு. வர முடியாது, வேண்டியதைச் சொல்கிறேன் என்றார். பிச்சாண்டி போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் உரக்கச் சொல்ல, மற்றவர்கள் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

"ஃபியூஸ் எரியாத மாதிரி போடணுமாம். ஒயரையெல்லாம் நிறம் பாத்துச் சேக்கணுமாம். பெட்டி ஆடவே கூடாதாம், ஆடினா தானா நின்னுடுமாம். குண்டு ஓட்டையில விழாம பாத்துக்கணுமாம், அதுதான் ஆட்டமே அப்படிங்கறாரு."

ஃபியூஸ் வேலை தெய்வசிகாமணிக்கு வந்தது. அவர் கடையில் வாங்கிய ஃபியூஸைக் கொண்டுவந்து மெழுகுவத்திச் சுடரில் காட்டினார். படபடவென்று வெடித்துக் கருகிவிட்டது. "ஏமாத்துப் பயலுக, எரியற ஃபியூஸா பாத்து வித்திருக்கானுங்க" என்றார். ஒவ்வொரு பொருளாகச் சுடரில் காட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் சைக்கிள் சக்கரத்து போல்ட் ஒன்று எவ்வளவு நேரம் காட்டினாலும் எரியவில்லை. அவர் விரல்தான் எரிந்தது. போல்ட்டை ஃபியூஸ் இருந்த இடத்தில் இறுக்கி முடுக்கினார்.

சவரிமுத்துவுக்கு ஒயர். நிறத்துக்கு நிறம் சேர்ப்பதில் அவரை மிஞ்ச அந்த மலையில் ஆளில்லை. எது எங்கே போகிறது என்றெல்லாம் கவலைப்படாமல், சிவப்பு ஒயர்கள் அத்தனையையும் ஒன்றாகப் பின்னினார், பச்சை அத்தனையையும் ஒன்றாகப் பின்னினார். பழுப்பு ஒன்றே ஒன்று மிஞ்சியது.

"இது ஒண்டியா நிக்குதே, என்ன பண்ணலாம்?"

"சிவப்புக்குப் பக்கத்துல பழுப்பு எடுப்பா இருக்கும்ல?" என்றார் பிச்சாண்டி.

"பார்டர் மாதிரி!" என்று டெய்லர் உற்சாகமாகி அதையும் சிவப்போடு முடிந்தார்.

பெட்டி ஆடாமல் இருக்க, அதன் கால்களை மண்ணெண்ணெய் டின்களில் இறக்கி சிமெண்ட் ஊற்றினார்கள். டின் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கச் செயலாளர் பெட்டிமேல் ஏறி நின்றார். டின் உறுதியாக இருந்தது. கண்ணாடிதான் உடைந்தது. அதற்குப் பதிலாக பேக்கரி அலமாரியின் கண்ணாடியைக் கழற்றி வந்து மூடினார்கள். அதில் 'சூடான பப்ஸ் கிடைக்கும்' என்று பெரிதாக எழுதியிருந்ததால், ஆடுகிறவர் 'பப்'புக்கும் 'ஸ்'ஸுக்கும் நடுவில்தான் குண்டைப் பார்க்க முடியும்.

கழன்று வந்த கைப்பிடியையும் மணியையும் துடுப்பையும் சைக்கிள் போல்ட் போட்டு முடுக்கினார்கள். மிச்சமிருந்தது ஓட்டை. அதைச் சுற்றி உட்கார்ந்து நால்வரும் வெகுநேரம் அதையே உற்றுப் பார்த்தார்கள்.

"குண்டு விழக் கூடாதுன்னா, எதுக்குங்க இந்த ஓட்டையைத் தொறந்து போட்டிருக்காங்க?" என்றார் தெய்வசிகாமணி.

"துரைக்கு மறந்திருக்கும்" என்றார் செயலாளர்.

"இத்தனை வருஷமா விழுந்து விழுந்து தட்டிக்கிட்டிருந்தோமே. அடைச்சிருந்தா முடிஞ்சுபோயிருக்கும்!" என்றார் சவரிமுத்து.

பிச்சாண்டி கடைக்கு ஓடினார். எலியே முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போன ஒரு பன் அவரிடம் இருந்தது. அதை ஓட்டையில் வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். சுத்தியலின் காம்பு உடைந்தது, பன் சேதமில்லாமல் இறங்கியது. சுற்றிலும் பங்ச்சர் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவி முடித்தபோது, செயலாளருக்கு வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்துவிட்ட நிறைவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடராஜமூர்த்தி பூட்டுகூட கையோடு வாங்கி வந்திருந்தார். அரங்கநாயகம் அரைஞாண் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறுகையால் சுவிட்சைப் போட்டார்.

மன்றத்து விளக்கு மங்கியது. மேலே விசிறி ஒரு தரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டு நின்றது. பெட்டிக்குள் எல்லா விளக்கும் பளிச்சென்று எரிந்தன. நடராஜமூர்த்தி இளக்காரமாகச் சிரித்துக்கொண்டே ஸ்பிரிங்கை இழுத்து விட்டார்.

குண்டு மேலே பாய்ந்து காளானில் மோதியது. மணி அடித்தது. சிவப்பெல்லாம் ஒன்றாகப் பின்னியிருந்ததால் மணி அடித்ததும் துடுப்புகளும் தாமாக அடித்துக்கொண்டன. இறங்கி வந்த குண்டு பன்னில் மோதி எகிற, துடுப்பு அதைத் தட்டி மேலே அனுப்ப, அது மறுபடி காளானில் மோத, மறுபடி மணி. யாரும் எதையும் தொடவில்லை. பெட்டி தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. எண் காட்டும் சக்கரங்கள் எல்லா ஒன்பதும் தாண்டிப் பூஜ்யத்துக்கு வந்து, மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தன.

நடராஜமூர்த்தியின் கார் டிரைவர் வந்து இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். காப்பி வந்தது, அதற்கப்புறம் சாப்பாடும் வந்தது. நடராஜமூர்த்தியின் சட்டை நனைந்துவிட்டது.

"இது எப்பத்தான்யா முடியும்?"

"குண்டு விழுந்தா முடியும்ங்க" என்றார் அரங்கநாயகம்.

"எப்ப விழும்?"

"விழாம பாத்துக்கிட்டோம்ங்க!" என்று நால்வரும் பெருமையோடு சொன்னார்கள்.

நடராஜமூர்த்தி சுவிட்சை நோக்கிப் போனார். தில்லைநாயகி குறுக்கே வந்து நின்றாள். "நடக்கிற ஆட்டத்தை நிறுத்தினா அப்பா வாக்கை நிறுத்தின மாதிரி ஆயிடும்ங்க. ஆட்டம் நடக்குது. நடக்கிற இடம் இவங்களுக்குத்தான். வாங்க போகலாம்."

அவர்கள் போன பிறகு செயலாளர் நொண்டிப் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம், "மன்றத்தைக் காப்பாத்திட்டோம்" என்றார். அவள் எதிர்வீட்டுக்காரியைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு, அன்றைக்கு அவருக்கு இரண்டாவது அப்பளம் போட்டாள்.

நாட்கள் போயின. பெட்டி இரவும் பகலும் ணங் ணங் என்று ஆடிக்கொண்டிருந்தது. கீழ் வளைவில் நடராஜமூர்த்தி அந்தச் சத்தம் எப்போது நிற்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாதாமாதம் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்துவார்கள் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை சத்தம் சட்டென்று நின்றது. குண்டு பன்னின்மேல் வந்து அசையாமல் உட்கார்ந்தது.

"அய்யோ, ஆட்டம் நிக்குது!" என்று அலறிய அரங்கநாயகம், பப்ஸ் கண்ணாடியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையாலேயே குண்டை மேலே தள்ளினார். "சும்மா நிக்காதீங்க, மெஷின் வேலையைப் பாருங்க!"

பிச்சாண்டி 'ணங் ணங்' என்று வாயால் மணியடித்தார். தெய்வசிகாமணி துடுப்புகளைக் கையால் ஆட்டினார். சவரிமுத்து எண் காட்டும் சக்கரத்துக்குப் பதிலாக நின்று, "நூறு! முன்னூறு!" என்று கூவினார். ஆட்டம் அருமையாகத் தொடர்ந்தது. செயலாளருக்குத்தான் உற்சாகம் மிதமிஞ்சிப் போய்விட்டது. அவர் தள்ளிய தள்ளில் குண்டு பெட்டியைத் தாண்டிக் குதித்து, வாசற்படி இறங்கி, ரோட்டுச் சரிவில் உருள ஆரம்பித்தது.

நால்வரும் வாசலுக்கு ஓடிவந்தார்கள்.

"போச்சு! குண்டு விழுந்துடுச்சு, ஆட்டம் முடிஞ்சது" என்றார் பிச்சாண்டி.

"எங்க விழுந்தது? ஓட்டையில விழுந்தாத்தான் முடியும். இது வெளியதானே போயிருக்கு" என்றார் தெய்வசிகாமணி.

"அப்ப ஆட்டம் இன்னும் நடக்குதா?"

"குண்டு ஓடுதா இல்லையா? ஓடுதுன்னா நடக்குது."

"எங்க நடக்குது?"

செயலாளர் ரோட்டைப் பார்த்தார். "அதோ, அங்க நடக்குது. ஓடுங்க!"

ஓடினார்கள். குண்டு கல்லில் மோதும்போதெல்லாம் பிச்சாண்டி மூச்சிரைக்க 'ணங்' என்றார். "ஆட்டுக்குட்டிக்கு ஐந்நூறு! பால் கேனுக்கு ஆயிரம்!" என்று சவரிமுத்து எண்ணிக்கொண்டே வந்தார். பால்காரர் திட்டியதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

நடு வழியில் ஒரு சாக்கடை. அதன் மூடி எப்போதோ காணாமல் போயிருந்தது. குண்டு நேராக அந்த ஓட்டையைப் பார்த்து உருண்டது. அரங்கநாயகம் அதைப் பார்த்துவிட்டார். மன்றம், நொண்டிப் பெஞ்சு, 'செயலாளரே' என்ற குரல், எல்லாம் அந்த ஓட்டைக்குள் போகப் போகின்றன. தன் வயதை மறந்து குறுக்குப் பாதையில் பாய்ந்து இறங்கி, குண்டுக்கு ஒரு கணம் முன்னால் போய் ஓட்டைமேல் சப்பென்று உட்கார்ந்துவிட்டார். குண்டு அவர் இடுப்பில், அந்தச் சாவியில் மோதி, நிஜமாகவே ணங் என்று சத்தம் எழுப்பி, திசை திரும்பி ஓடியது.

"செயலாளருக்குப் பத்தாயிரம்!" என்று கத்தினார் சவரிமுத்து. அரங்கநாயகத்தை அப்படி யாரும் அதுவரை மதிப்பிட்டதில்லை.

குண்டு கீழ் வளைவில் திரும்பி, திறந்திருந்த கேட் வழியாகப் பங்களாவுக்குள் நுழைந்தது. கூடத்தில், சத்தம் நின்றுவிட்டது என்று குதூகலமாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்த நடராஜமூர்த்தியின் நாற்காலிக் காலில் மோதியது. அங்கிருந்து மேஜைக்காலுக்குப் போனது. பின்னாலேயே நால்வரும் இரைக்க இரைக்க வந்து நின்றார்கள்.

"ணங்" என்றார் பிச்சாண்டி.

"யாரைக் கேட்டுய்யா உள்ள வந்தீங்க? பெட்டி நின்னு போச்சு. சாவியை எடுங்க!" என்று நடராஜமூர்த்தி எழுந்தார்.

அரங்கநாயகம் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, மரியாதையாகக் கையை நீட்டினார். "அதைத்தான் நாங்களும் கேக்க வந்தோம்ங்க. நீங்கதான் சாவியைக் குடுக்கணும்."

"எந்தச் சாவி?"

"இந்தப் பங்களாச் சாவிங்க. ஆட்டம் நடக்கிற இடம் எங்களுக்குன்னு பெரியவரு சொல்லியிருக்காரு. ஆட்டம் இப்ப இங்கதானே நடக்குது? அவசரமில்லைங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள நிதானமா காலி பண்ணுங்க."

நடராஜமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

தில்லைநாயகி சிரிக்கவில்லை. சோபாவுக்கு அடியில் புகுந்து, சுவரில் தட்டி, மெதுவாகத் திரும்பி உருண்டு வரும் குண்டையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டாள்:

"ஏங்க, கொத்துச்சாவியை எங்க வெச்சீங்க?"